சூலூர் பஸ்ஸில் ‘மிச்சம் மீதி’

இதுவரை நான் எழுதியதெல்லாம் கேசட்டின் மேல் ஒட்டுகிற சீட்டுகள்தான். ஏ பக்கம், பி பக்கம், பாட்டின் பெயர், பாடியவர் பெயர். சீட்டில் இடம் தீர்ந்தால் எழுத்தும் தீர்ந்துவிடும். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. படிப்பு பத்தாம் வகுப்பு வரைதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைச் சொல்வதற்கே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் முழுத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழி ரேவதியைச் சேரட்டும்.

நான் வேலை செய்த இடத்தில் இப்போது கேசட் போடுவதில்லை. ஜனங்கள் பரணிலிருந்து இறக்கிக்கொண்டுவரும் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். ரேவதி அங்கே வேலை பார்க்கும் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் வந்தால் போன் செய்வாள். போன மாதம் ஒரு நாள் நேரிலேயே கூட்டிப்போய்க் காட்டினாள். திரையில் பாட்டு மலைமலையாகக் கோடு போட்டு ஓடியது. ஒரு பொத்தானை அமுக்கினாள். இரைச்சல் எல்லாம் துடைத்ததுபோல் போய்விட்டது.

“உங்க காலத்துல இதுக்கு என்னங்க அக்கா செஞ்சீங்க?” என்று கேட்டாள்.

“பஸ்ஸுல போனோம்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, அப்படியே எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆண்டு மலரில் போடலாம் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி கணபதி என்ற இடத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். லேத் ஓடும்போது எங்கள் தரையும் சேர்ந்து ஆடும். அதனால் பாடகர் யாராவது பதிவுக்கு வந்தால், பட்டறை சாப்பாட்டுக்கு நிற்கிற நேரம்வரை காத்திருந்துதான் பாட வேண்டும். முருகனானாலும் மாரியம்மனானாலும் எங்களிடம் மத்தியானம்தான் எழுந்தருள முடியும்.

சேர்ந்த புதிதில் எனக்கு வேலை, கேசட் கூட்டுக்குத் திருகாணி முடுக்குவது. பிறகு பெரிய சுருளிலிருந்து டேப்பை அளந்து கூட்டுக்குள் சுற்றுவது. அதன் பிறகு செக்கிங். இதற்குள் சில வருஷங்கள் ஓடிவிட்டன. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காப்பி எடுக்கும் மிஷினை மட்டும் சொல்ல வேண்டும். மூலப்பதிவு ஓடும் மிஷினை ‘தாய்’ என்போம். அதைப் பார்த்துக் காப்பி எடுக்கும் மிஷின்கள் ‘பிள்ளை’கள். வேலை சீக்கிரம் முடிவதற்காக எல்லாம் பல மடங்கு வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் கேட்டால் பக்திப் பாட்டு, கட்சிப் பேச்சு, கும்மிப் பாட்டு எல்லாம் அணில் கத்துகிற மாதிரிதான் இருக்கும். ஆனாலும் பழகிய காதுக்கு அந்த அணில் சத்தத்திலேயே கோளாறு தெரியும்.

எங்கள் சூப்பர்வைசர் கரீம் பாய். கோட்டைமேட்டுக்காரர். வெள்ளை முழுக்கைச் சட்டையை இரண்டே மடிப்பு மடித்திருப்பார். அவர் மாடிப்படி ஏறும்போதே அத்தர் வாசனை முன்னால் வந்துவிடும். சத்தம் போட்டுப் பேசமாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரணமாக “அம்மணி, இந்த டேப்பைப் பாரு” என்பவர், “அம்மணி, இதைச் சித்த பாருங்க” என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. “ஏனுங்க அம்மணி, இதை ஆருங்க சுத்துனதுங்க?” என்று ஒரே மூச்சில் மூன்று ‘ங்க’ விழுந்துவிட்டால் நாங்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவோம்.

பாய்க்கு உலகத்தில் ஒரே எதிரி இரைச்சல்தான். பதிவை அறைக்குள் உட்கார்ந்து கேட்கமாட்டார். கதவைச் சாத்திவிட்டு வெளியே படிக்கட்டில் நின்று கேட்பார். கதவைத் தாண்டியும் வார்த்தை புரிகிறதா என்பது அவர் கணக்கு. பிறகு உள்ளே வந்து, ஒவ்வொரு வகைச் சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க வரிசையாக நிற்கும் ஈக்வலைசர் குமிழ்களில் ஒன்றை மயிரிழை கீழே தள்ளுவார். மறுபடி படிக்கட்டு. ஒரு பாட்டுக்கு இப்படி எத்தனை நடை என்று கணக்கே கிடையாது.

ஒருமுறை அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்து முருகன் பாட்டுப் பாடினார். நடுவில் ஜன்னலில் ஒரு காக்கை கத்திவிட்டது. பெரியவர் சந்தோஷப்பட்டு, “நல்ல சகுனமுங்க பாய், அது அப்படியே இருக்கட்டும்” என்றார்.

“காக்கா பாடுனது வேறங்க, நீங்க பாடுனது வேறங்க. ரெண்டையும் ஒரே கேசட்டுல விட்டா, மேல சீட்டுல காக்காய்க்கும் பேரு போடோணுமுங்க” என்றார் பாய்.

பெரியவர் மறுபடி முதலிலிருந்து பாடினார்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். எந்த கேசட்டானாலும், மொத்தமாகக் காப்பி எடுப்பதற்கு முன் ஒரே ஒரு காப்பி எடுத்து, அதை காந்திபுரத்திலிருந்து சூலூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் போட்டுக் கேட்க வேண்டும். இது பாய் வைத்த வழக்கம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாட்டுப் போடாத தனியார் பஸ் ஓடாது. “அம்மணி, நம்ம கேசட்டை ஏசி ரூம்ல உக்காந்தா கேக்கப்போறாங்க? இன்ஜின் ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம், கண்டக்டர் விசில் ஒரு பக்கம். அத்தனையும் தாண்டிக் கேட்டாத்தான் பாட்டு” என்பார். பஸ் டிரைவர் துரைசாமி அண்ணன் அவருக்கு வேண்டப்பட்டவர். நாங்கள் ஏறியதும் ஓடுகிற பாட்டை நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவார். பாய் கடைசி சீட்டில் உட்காருவார். நான் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி இருக்கும் இடத்தை ஒட்டிய பெண்கள் சீட்டில். முன்பக்கத்துக் காது என்னுடையது, பின்பக்கத்துக் காது அவருடையது. சூலூரில் இறங்கியதும் இரண்டையும் ஒத்துப்பார்ப்போம். சரியாக இருந்தால் மறுநாள் மிஷின் ஓடும்.

எனக்குப் பிடித்த வேலை இதுதான். பேச வேண்டியதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு பாட்டுக் கேட்டால் சம்பளம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் ரங்கா என்ற பையன் ஒரு பை நிறைய கேசட்டுகளோடு வந்தார். பையன் என்று எழுதுகிறேன். இன்ஜினியரிங் முடித்தவர், தோள் வரை முடி, சூலூருக்குப் பக்கத்தில் தோட்டம் உள்ள தெலுங்குக் குடும்பம். அவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். தோட்டத்துக் கிணற்றடி மோட்டார் ரூமில் பழகியதால் குழுவுக்குப் பெயரே ‘மோட்டார் ரூம்’.

“என்ன மாதிரிப் பாட்டுங்க தம்பி?” என்றார் பாய்.

“ராக்குங்க. அதுலயும் ஆல்டர்நேட்டிவ் ராக்.”

“அப்படீன்னா?”

“எல்லாரும் வாசிக்கிற மாதிரி வாசிக்காம, வேற மாதிரிங்க.”

“எல்லாரும் வாசிக்கிற மாதிரி ஒருக்கா வாசிச்சுக் காட்டிப்போட்டு, அப்பறம் வேற மாதிரிக்குப் போயிருக்கலாமுங்கல்ல” என்றார் பாய். ரங்கா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே பையைக் கவிழ்த்தார்.

குழு கலைகிறது. ஒருவர் ஏற்கெனவே பெங்களூர் போய்விட்டார், பாடுகிற டேவிட் துபாய்க்குப் போகிறார், ரங்காவுக்கும் சென்னையில் வேலை. பிரிவதற்கு முன் இத்தனை வருஷம் அங்கங்கே பதிவு செய்து எதிலும் சேராமல் கிடந்ததை எல்லாம் ஒரே கேசட்டாகத் தொகுத்து நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பாட்டைத் தங்கள் வழியில் வாசித்தது பாதி. எங்குமே வெளிவராத சொந்தப் பாட்டுகள் பாதி. பெயர் ‘மிச்சம் மீதி’. பழைய சோற்றுக்கு வைக்கிற பெயராக இருக்கிறதே என்று நான் நினைத்தேன்.

அதை ஒழுங்கு செய்வதற்குள் பாய்க்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு பாட்டு கல்லூரி விழாவில் எடுத்தது. பாட்டைவிட விசில் அதிகம். இன்னொன்று யாரோ வீட்டு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில். பேட்டரி இறங்கிப்போன டேப் ரெக்கார்டரில் எடுத்ததை நம் மிஷினில் போட்டால் டேவிட் குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிடும். அதை ஒவ்வொன்றாக இழுத்துப் பிடித்துச் சரியான வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிட்டார் ‘கீ’ என்று அலறும் இடமெல்லாம் மிஷின் கோளாறு என்று நினைத்து நான் நிறுத்தினேன். “அது வேணும்னே வாசிச்சதுங்க அக்கா” என்பார் ரங்கா. பிறகு அந்த அலறலும் பழகிவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நானே அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பாய் கேட்டுவிட்டார். புருவத்தை மட்டும் தூக்கினார்.

குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவர் செல்வராஜ். அவர் மட்டும் கல்லூரிக்காரர் இல்லை. சூலூரில் விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர். மேசை கிடைத்தாலும் தொடை கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பார். தறியில் ஷிப்டு இருந்ததால் எங்களிடம் ஒரே ஒரு நாள்தான் வந்தார். வந்தவர் பாயிடம் நேராகவே சொன்னார்.

“அவிங்க மூணு பேத்துக்கும் வேலை வந்திருச்சுங்க பாய். எனக்கு இந்தக் கேசட்டுதானுங்க. ஈரோட்டுல ஒரு மெல்லிசைக் குழு, கோயில் நோம்பிக் கச்சேரிக்கு ட்ரம்ஸுக்கு ஆள் எடுக்கறாங்க. குழுத் தலைவரு நாளான்னிக்குக் கேசட்டோட வரச் சொல்லியிருக்கறாரு. கேட்டுப்பாத்துட்டுத்தான் மேல பேசுவாராம்.”

“நீங்க வாசிச்சது நல்லாக் கேக்கற பாட்டு எதுங்க தம்பி?”

“மத்ததுல எல்லாம் கிட்டார் என்னைய மூடிப்போடுமுங்க. ஒண்ணே ஒண்ணுலதான் நான் தெரிவேன். பி பக்கத்துல மொதப் பாட்டு.”

அது ஒரு பழைய சினிமாப் பாட்டு. மோட்டார் ரூமில் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. எலக்ட்ரிக் கிட்டார் எல்லாம் ஊமை. சரி என்று சாதாரணக் கிட்டார், ட்ரம்ஸ், டேவிட்டின் குரல், இவ்வளவோடு அந்தப் பாட்டை மெதுவாக வாசித்து, பேட்டரி ரெக்கார்டரில் பிடித்திருந்தார்கள். கரண்ட் இல்லாததால் ரங்காவின் அப்பா பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆயில் இன்ஜினைப் போட்டிருந்தார். அது பக்கத்திலேயே டுக் டுக் டுக் என்று பாட்டு முழுக்க ஓடுகிறது.

செல்வராஜ் இதைச் சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிட்டார். இன்ஜினை என்ன செய்வது என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

பாய் வேலையில் இறங்கினார். ஒரு பிள்ளையின் பிழைப்பு இந்தப் பாட்டில் இருக்கிறது என்பதால் அன்று அவருக்குத் தனி வேகம். டுக் டுக் மாதிரியான கீழ்ச் சத்தத்துக்கான குமிழ்களை ஒவ்வொன்றாக இறக்கினார், படிக்கட்டுக்குப் போனார், வந்தார், இன்னும் இறக்கினார். சாயங்காலத்துக்குள் இன்ஜினைக் காணோம். டேவிட்டின் குரல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது. ரங்கா ஹெட்போனில் கேட்டுவிட்டு, “பாய், எங்களுக்கே இத்தனை அழகாப் பாடுனது தெரியாதுங்க” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் செக்கிங்கில் கேட்டேன். கொட்டு மட்டும் அங்கங்கே தள்ளாடுவது போல இருந்தது. வேற மாதிரி வாசிக்கிறவர்கள் என்று அவர்களே சொன்னார்களே, இதுதான் அந்த வேற மாதிரி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முதல் காப்பியோடு காந்திபுரத்தில் ஏறினோம். ரங்காவும் வந்தார். செல்வராஜ் ஷிப்டு முடித்து, தூங்காத கண்ணோடு வந்து எனக்குப் பின்வரிசையில் நின்றுகொண்டார். ஏ பக்கம் ஓட ஆரம்பித்தது. முதல் கிட்டார் அலறலிலேயே கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “ஏங்கண்ணு, ரேடியோவுக்கு என்னாச்சு?” என்று என்னைக் கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். மூன்றாவது பாட்டுக்கு அந்த அம்மாவின் காலே ஆடிக்கொண்டிருந்தது.

ஒண்டிப்புதூர் தாண்டியதும் கேசட்டைத் திருப்பிப் போட்டார் துரைசாமி அண்ணன். பி பக்கம். டேவிட்டின் குரல் எழுந்தது. பஸ்ஸே கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. நான் செல்வராஜைத் திரும்பிப் பார்த்தேன். முகம் மலர்ந்திருந்தது. கொட்டு ஆரம்பித்தது. நாலைந்து அடி கேட்டார். முகம் மாறிவிட்டது.

துரைசாமி அண்ணன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் பார்த்தார். விட்டுவிட்டார். மறுபடி போட்டார். அப்புறம் யார் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரியாமல் உரக்கச் சொன்னார்:

“பாட்டு அருமையா இருக்குது. ஆனா இந்தக் கொட்டறவருக்கு மட்டும் பாதியில தூக்கம் வந்திருச்சாட்ட இருக்குது. ஓடறாரு, நிக்கறாரு, மறுபடி ஓடறாரு. தண்ணி கிண்ணி போட்டிருந்தாருங்களா?”

ரெண்டு பேர் சிரித்தார்கள். செல்வராஜ் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் பாயிடம் போனார். அவர் கேட்டது எனக்கு முன்சீட்டு வரை கேட்டது.

“பாய், இன்ஜின் எங்கீங்க?”

“எடுத்துப்போட்டேன் தம்பி. சுத்தமா எடுத்துப்போட்டேன்” என்றார் பாய். பெருமையாகத்தான் சொன்னார்.

“அதைக் கேட்டுத்தானுங்க நான் வாசிச்சேன்.”

பாய்க்குப் புரியவில்லை. செல்வராஜ் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினார். அந்த இன்ஜின் பழசு. ஓடும், திடீரென்று மூச்சு வாங்கும், தணிந்து மறுபடி ஓடும். அது மூச்சு வாங்கும்போது அவரும் கொட்டை இழுத்து நிறுத்தி, அது எடுக்கும்போது சேர்ந்து எடுத்திருக்கிறார். பல இடத்தில் பெரிய அடியை அவர் அடிக்கவே இல்லை. இன்ஜின் அடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அடித்த கொஞ்சநஞ்சக் கீழ்ச் சத்தமும் இன்ஜினோடு சேர்ந்து குமிழில் போய்விட்டது. மிச்சம் நின்றது ஓரத்து அடிகள் மட்டும். இன்ஜினை எடுத்துவிட்டால், வழி தவறிய ஆள் வாசித்த மாதிரிதானே இருக்கும்.

“இதை ஈரோட்டுல போட்டா என்னைய வாசப்படியிலயே அனுப்பிப்போடுவாருங்க” என்றார்.

பாய் எழுந்து, ஓடுகிற பஸ்ஸில் கம்பிக்குக் கம்பி கை மாற்றிக்கொண்டு, டிரைவர் வரை முன்னால் வந்தார். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“துரைசாமி, கொட்டறவரு மேல தப்பு இல்ல. அவரு சரியாத்தான் வாசிச்சிருக்கறாரு. நான் ஒரு வேலை பண்ணிக் கெடுத்துப்போட்டேன். இவருதான் அவரு.”

துரைசாமி அண்ணன் கண்ணாடியில் செல்வராஜைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். பாய் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சூலூரில் இறங்கினோம். டீ குடிக்கும்போது பாய்க்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. “தம்பி, இன்ஜினோட கேட்டா மட்டும் ஈரோட்டுக்காரரு வேலை குடுப்பாருங்களா? தோட்டத்துல தண்ணி பாயற சத்தத்தை எடுத்துட்டு வந்திருக்கறான்னு சிரிக்கமாட்டாருங்களா?”

“சிரிச்சாலுஞ் சிரிப்பாருங்க. இன்ஜின் இல்லாமக் கேட்டா கட்டாயம் குடுக்கமாட்டாருங்க” என்றார் செல்வராஜ்.

பாய் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். அதே பஸ்ஸில் திரும்பினோம்.

ரங்கா கொண்டுவந்த மூலக் கேசட் பத்திரமாக இருந்தது. பாய் எல்லாக் குமிழ்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து, பாட்டை மறுபடி நாடாவில் பிடித்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், பாட்டு முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும். நடுவில் ஓர் இடத்தில் விரல் குமிழ் வரை போயிற்று. “பாய்” என்றார் ரங்கா. விரல் திரும்பி வந்தது. பிறகு அவரே, “இந்த எடத்துல இன்ஜினை இன்னும் கொஞ்சம் ஏத்தலாமுங்களா தம்பி?” என்று கேட்டார். செல்வராஜுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இனி, ‘தாய்’ மிஷினில் ஓடும் மூல நாடாவில் இன்ஜின் இல்லாத பாட்டை எடுத்துவிட்டு இன்ஜின் உள்ளதை வைக்க வேண்டும். அது என் வேலை. நாடாவைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பாட்டு தொடங்கும் இடத்தைக் காதால் கண்டுபிடிப்பேன். அங்கே மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. பிளேடால் சாய்வாக வெட்டு. நேராக வெட்டினால் ஒட்டின இடம் ‘டப்’ என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் சறுக்கிப் போய்விடும். ஒட்டு நாடாவை வைத்து நகத்தால் தேய்ப்பேன், காற்றுக் குமிழ் இல்லாமல். மூன்று ஆண்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றதால் எனக்கு வியர்த்துவிட்டது. “அந்தப் பக்கம் போங்க” என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. எப்படியோ ஒட்டிவிட்டேன்.

“ஒரு காப்பி எடு அம்மணி. சாயங்காலம் டிரிப்புக்குத் துரைசாமி வருவாரு” என்றார் பாய்.

“இன்னொருக்கா எதுக்குங்க பாய்? நேரா ஈரோட்டுக்கே எடுத்துட்டுப் போறேனே” என்றார் செல்வராஜ்.

“பஸ்ஸுல கேக்காத கேசட்டு என் கையில இருந்து போகாதுங்க தம்பி.”

சாயங்கால பஸ்ஸில் மில் ஆட்கள், தோட்டத்துக்காரர்கள், சந்தைக்கு வந்து திரும்புகிறவர்கள் என்று நிற்க இடமில்லை. எனக்கு மட்டும் என் சீட் கிடைத்தது. பாய் கூட்டத்தில் பின்னால் போய்விட்டார். செல்வராஜும் ரங்காவும் நடுவில் எங்கேயோ நசுங்கிக்கொண்டிருந்தார்கள். கேசட்டை நான் கொடுத்தேன். பி பக்கத்தைப் போடச் சொன்னேன். அதில் என்ன மாற்றம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்குள் இருக்கும் ராமநாதபுரம் ஸ்டாப்பைக் கடந்து பஸ் வேகம் எடுத்த நேரம். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இன்ஜின் வந்துவிட்டது. டுக் டுக் டுக் டுக். முன்பக்கத்து ஸ்பீக்கர் துரைசாமி அண்ணன் தலைக்கு நேர் மேலே. அவர் முகம் சுருங்கியது. ஆக்சிலேட்டரை விட்டுப் பார்த்தார். சத்தம் போகவில்லை. கியரை மாற்றிப் பார்த்தார். போகவில்லை. என் பக்கத்திலிருந்த இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“அண்ணா, அது கேசட்டுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“போச்சுடா” என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார்.

பஸ் நின்றுவிட்டது. டுக் டுக் நிற்கவில்லை.

துரைசாமி அண்ணன் சாவியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயம். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்று கத்திவிட்டேன்:

“அண்ணா, அது பாட்டுங்க! பாட்டுல இருக்கற இன்ஜினுங்க!”

பஸ் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் சீட்டில் விழுந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். அதற்குள் டேவிட் பாட ஆரம்பித்துவிட்டார். கிட்டார் வந்தது. பிறகு செல்வராஜின் கொட்டு.

வண்டி நின்றிருந்ததால் காற்றும் இல்லை, இரைச்சலும் இல்லை. அத்தனை பேரும் அந்த இன்ஜினைக் கேட்டார்கள். எனக்குப் பின்னாலிருந்த தோட்டத்துக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம், “இது அஞ்சு எச்.பி. இன்ஜினுங்க. எண்ணெய் வர்ற நாசில்ல அடைப்பு இருக்குது, மூச்சு வாங்குது கேட்டீங்களா” என்றார். சரியாக அந்த இடத்தில் கொட்டும் மூச்சு வாங்கியது. “அட, அவரும் நிக்கறாரு!” என்றார். இன்ஜின் எடுத்தது; கொட்டும் எடுத்தது. யாரோ சீட்டின் முதுகைத் தட்டினார்கள். இன்னொருவர் ஜன்னல் தகரத்தை. எல்லோருக்கும் தெரிந்த தாளம்தானே. அவரவர் கிணற்றடியில் கேட்டுக் கேட்டுப் பழகினதுதான்.

“ஏனுங்க டிரைவர், ஷிப்டுக்கு நேரமாகுதுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“சித்த இருங்க. இன்ஜின் நிக்கட்டும்” என்றார் துரைசாமி அண்ணன்.

பாட்டு முடிந்தது. கடைசியில் ரங்காவின் அப்பா தெலுங்கில் யாரையோ தண்ணீரைத் திருப்பச் சொல்லும் குரல் தூரத்தில் கேட்டு அடங்கியது. அதையும் பாய் விட்டுவைத்திருந்தார்.

துரைசாமி அண்ணன் சீட்டிலிருந்து திரும்பி, கூட்டத்துக்குள் செல்வராஜைத் தேடினார். “ஏப்பா, காலையில சொன்னதை மறந்துபோடு. நீ இன்ஜினுக்குப் பின்னால போகலை, இன்ஜினைத்தான் நீ ஓட்டியிருக்கற” என்றார். பஸ்ஸே சிரித்தது. செல்வராஜ் கூட்டத்துக்கு நடுவில் நிமிர முடியாமல் நிமிர்ந்து நின்றார். பின்சீட்டிலிருந்து பாயின் குரல் வந்தது:

“அம்மணி, முன்னால எப்படிக் கேட்டுது?”

இத்தனை பேர் நடுவில் பதில் சொல்ல வேண்டும். “நல்லாக் கேட்டுதுங்க” என்றேன். 

“இங்கயும்” என்றார் பாய்.

மறுநாள் செல்வராஜ் அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு காலை ரயிலில் ஈரோடு போனார். குழுத் தலைவர் அந்த ஒரு பாட்டை இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டு, ட்ரம்ஸில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாராம். நோம்பிக் கச்சேரிகளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் ‘மிச்சம் மீதி’யைக் காலையில் மிஷினில் ஏற்றினோம், சாயங்காலம் ரங்கா வந்து பெட்டியோடு எடுத்துப்போனார்.